துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா? முதன்முறை பறப்பவர்களுக்கான தூர, நேரக் கணக்கு

சென்னையிலிருந்து காலை 10:00 மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று துபாய்க்கு, இன்னொன்று சிங்கப்பூருக்கு. துபாய் டிக்கெட்டில் போய் இறங்கும் நேரம் 12:45 என்று இருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டில் 16:45. "துபாய் ரெண்டே முக்கா மணி நேரந்தானா! சிங்கப்பூர்தான் ரொம்பத் தூரம்போல." டிக்கெட் போடும் கடையில் நான் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே கிடையாது.

உண்மையில் இரண்டு ஊரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டுமே சுமார் 2,930 கி.மீ.; வித்தியாசம் சில கி.மீ.தான். பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நாலேகால் மணி. டிக்கெட்டில் தெரியும் நான்கு மணி நேர இடைவெளி கடிகாரம் செய்யும் வேலை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் ஊர் அல்ல, விமான நிலையம்

"லண்டனுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பதைவிட "லண்டனில் எந்த ஏர்போர்ட்?" என்று கேட்பது நல்லது. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று அங்கே பல உண்டு. பாங்காக்கில் சுவர்ணபூமியும் தோன் முவாங்கும் ஊரின் இரண்டு வேறு பக்கங்களில் இருக்கின்றன. துபாயிலும் பழைய சர்வதேச விமான நிலையம் தவிர அல் மக்தூம் என்று தெற்கே இன்னொன்று இருக்கிறது.

இதற்குத்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு. சென்னைக்கு எம்ஏஏ. 1996-இல் மெட்ராஸ் சென்னையானது, குறியீட்டில் மட்டும் மெட்ராஸ் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. திருச்சிக்கு டிஆர்இசட், மதுரைக்கு ஐஎக்ஸ்எம், கோவைக்கு சிஜேபி, யாழ்ப்பாணத்துக்கு ஜேஏஎஃப், கொழும்புக்கு (கட்டுநாயக்க) சிஎம்பி, சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன். ஊர்ப் பெயரை நம்பித் தேடினால் கனடாவில் உள்ள சிட்னிக்குக்கூட டிக்கெட் விழலாம். ஆஸ்திரேலிய சிட்னி எஸ்ஒய்டி. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருப்பது ஒய்க்யூஒய். ஏமாந்து அங்கே போய் இறங்கியவர்கள் நிஜமாகவே உண்டு.

தூரத்தைக் கையாலேயே கணக்கிடலாம்

இணையத்தில் குறியீட்டைத் தட்டினால் தூரம் வந்துவிடும். இருந்தாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். பிறகு தப்பான எண் எதைப் பார்த்தாலும் கண்ணில் உறுத்தும்.

மிகச் சுலபமானது சென்னை – கொழும்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்றாக இருக்கின்றன. சென்னை விமான நிலையத்தின் அட்சரேகை 12.99 பாகை, கட்டுநாயக்கவுக்கு 7.18. கழித்தால் 5.81. வடக்கு–தெற்காக ஒரு பாகை என்பது சுமார் 111 கி.மீ. பெருக்கினால் 645 கி.மீ. அவ்வளவுதான் கணக்கு. யாழ்ப்பாணம் பலாலிக்கும் இதே வழி: 12.99-இல் 9.79 போக 3.20, அதாவது 355 கி.மீ.

கிழக்கு–மேற்காகப் போகும்போது ஒரு சிக்கல். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. பலாப்பழத்தை நீளவாக்கில் கீறினால் நடுவில் துண்டு அகலமாகவும் காம்புப் பக்கம் ஒடுங்கியும் இருக்குமே, அதேபோல. பூமத்திய ரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகை 111 கி.மீ. என்றால் சென்னையில் 108, லண்டனில் வெறும் 69. அந்த அட்சரேகையின் கொசைனால் (கால்குலேட்டரில் cos என்ற பொத்தான்) 111-ஐப் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும்.

இப்போது சிங்கப்பூர். சாங்கி 1.36 பாகை வடக்கு, 103.99 கிழக்கு. சென்னை 80.17 கிழக்கு. வடக்கு–தெற்கு வித்தியாசம் 11.63 பாகை, அது 1,291 கி.மீ. கிழக்கு–மேற்கு வித்தியாசம் 23.82 பாகை, இரண்டுக்கும் நடு அட்சரேகை ஏழு பாகை சொச்சம், அங்கே ஒரு பாகை 110 கி.மீ., ஆக 2,620 சொச்சம். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸை எழுப்பிக் கர்ணம் கண்டுபிடித்தால் சுமார் 2,925 கி.மீ. இணையத்தில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில கி.மீ. கூடக்குறைய இருக்கலாம், அதற்குமேல் பிசகாது.

இந்த வித்தையை லண்டனுக்குப் போட்டால் கவிழ்ந்துவிடும். 8,700 கி.மீ. வரும், உண்மையான தூரம் 8,230-ஐ ஒட்டித்தான். பூமி உருண்டை என்பதை நம் முக்கோணம் மறந்துவிடுகிறது. பக்கத்து ஊர்களுக்கு அது பரவாயில்லை, கண்டம் தாண்டும்போது பரவாயில்லை என்று விட முடியாது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பிள்ளைகள் வைத்திருக்கும் உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான். டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே நூலைப் பிடித்துப் பாருங்கள். அது அட்லாண்டிக் பக்கமும் போகாது, பசிபிக் பக்கமும் போகாது, வடதுருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் பார்த்தால் விமானம் ஏதோ வேண்டுமென்றே சுற்றிப் போவதுபோலத் தெரியும். வளைந்திருப்பது விமானத்தின் பாதை அல்ல, தட்டையாக்கப்பட்ட வரைபடம்தான்.

நீண்ட தூரத்துக்குக் கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஒரு நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மற்ற நிலையத்தைத் தொடுங்கள். அது பெருவட்டக் கணக்கில்தான் அளக்கும். இருக்கைத் திரையில் மைல் என்று வந்தால் 1.609-ஆல் பெருக்குங்கள். விமானிகளின் கடல் மைல் வேறு, அது 1.852 கி.மீ. ஒரு பாகையில் 60 கடல் மைல். பூமியையே அளவுகோலாக வைத்துப் பிறந்த அலகு அது.

தூரத்திலிருந்து நேரம்

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உயரத்துக்குப் போனபின் மணிக்குச் சுமார் 830 – 850 கி.மீ. வேகத்தில் போகும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 900-ஐத் தொடும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நாலு விமானம் நிற்கும், இறங்கியபின் கேட்டுக்கு ஊர்ந்து வர வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து முக்கால் மணி.

ஆகச் சூத்திரம் இது: தூரத்தை 850-ஆல் வகுத்து, 45 நிமிடம் கூட்டுங்கள். பெரிய விமானம் என்றால் 900-ஆல் வகுங்கள்.

சிங்கப்பூருக்கு 2,925-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம், 45 கூட்ட 4 மணி 11 நிமிடம். டிக்கெட்டில் நாலேகால் சொச்சம். லண்டனுக்கு 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் ஒன்பது மணி சொச்சம், கூட்டினால் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. லண்டனிலிருந்து வரும்போது இதற்கு நெருக்கமாகவே இருக்கும். போகும்போது பத்தரை, பதினொன்று என்று காட்டும். காரணம் பின்னால் வருகிறது.

என்ன விமானம் என்று பாருங்கள் என்பதற்கு நல்ல உதாரணம் யாழ்ப்பாணம். சென்னையிலிருந்து 355 கி.மீ.தான், கொழும்புக்கு ஆகும் தூரத்தில் பாதி சொச்சம். ஆனால் பலாலிக்குப் போவது விசிறி வைத்த ஏடிஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவில்தான். அதனால் யாழ்ப்பாணத்துக்கு ஏடிஆரிலும் கொழும்புக்கு ஜெட்டிலும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும், ஒன்றேகால் மணியை ஒட்டி. எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். தாழப் பறக்கும், இறக்கை மேலே இருப்பதால் பாக் நீரிணையின் திட்டுகள் ஜன்னலில் முழுசாகத் தெரியும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் காற்றில் இருக்கும் நேரம் அல்ல. கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த ஊரில் கேட்டில் போய் நிற்பது வரை. இதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். நிறுவனங்கள் இதில் கொஞ்சம் தாராளமாகவே கூட்டி வைக்கும். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானத்தில் "குறித்த நேரத்துக்கே வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பது இந்தக் கூட்டி வைத்த நிமிடங்களின் புண்ணியம். உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் விமானங்கள் பறப்பதைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 இணையதளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். சூத்திரத்தைவிட அது நம்பகமானது.

பிளாக் டைமுக்கு இன்னொரு பயனும் உண்டு. விமானம் தாமதமானால் எப்போதிலிருந்து சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும் என்பதை இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இதை வைத்தே சொல்கிறது. இரண்டரை மணி வரையான பயணத்துக்கு இரண்டு மணி நேரத் தாமதம், இரண்டரை முதல் ஐந்து மணி வரை என்றால் மூன்று மணி நேரத் தாமதம், அதற்கு மேல் நான்கு. துபாயும் சிங்கப்பூரும் நடுவில் வரும். கவுண்டரில் கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், மரியாதை கூடும்.

கடிகாரத்தைச் சமன் செய்வது

இப்போது முதல் பத்திக்குத் திரும்புவோம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர் கடிகாரப்படி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன்னால். இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். வேறு குறுக்கு வழி எதுவும் வேண்டாம். துபாயில் 12:45 என்றால் நம் நேரம் 14:15. சிங்கப்பூரில் 16:45 என்றாலும் நம் நேரம் 14:15. இரண்டிலும் 10:00 போக நாலேகால்.

இலங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. 2006 ஏப்ரல் முதல் இரு நாட்டுக் கடிகாரமும் மறுபடி ஒன்றுதான். லண்டனில் மட்டும் கவனம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை. டிசம்பரில் போன அக்காவின் டிக்கெட்டை வைத்து ஜூனில் போகும் தம்பி கணக்குப் போட்டால் ஒரு மணி உதைக்கும்.

நேரத்தைவிடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். இது என் கையாலேயே நடந்தது. சித்தப்பாவுக்கு நான் போட்ட டிக்கெட், சனிக்கிழமை 00:40. போனில் "சனிக்கிழமை ராத்திரி சித்தப்பா, முன்னாடியே போயிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கே, ஊறுகாய்ப் பாட்டிலுக்குத் தனியாகக் கட்டிய அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றார். காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது இன்னிக்கு விடியக்காலையே போயிடுச்சுங்க ஐயா" என்றிருக்கிறார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. "ஏண்டா, ஒனக்கு ராத்திரிக்கும் விடியக்காலைக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று சித்தப்பா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து 00:00-க்கும் 04:00-க்கும் நடுவில் கிளம்பும் எந்த டிக்கெட்டுக்கும் "வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்கள்" என்று முந்தைய நாளின் பெயரைச் சொல்லியே எழுதிக் கொடுக்கிறேன். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அழைக்க வருபவருக்கு அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

காற்றும் மூடிய வானமும்

லண்டனுக்குப் போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்? நம் நாட்டின் வடபகுதியிலிருந்து ஐரோப்பா, அட்லாண்டிக் வரை, விமானம் பறக்கும் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. கிழக்கே வருபவரை அது தள்ளிவிடும், மேற்கே போகிறவரைத் தடுக்கும். குளிர்காலத்தில் இன்னும் பலம்.

இதன் பலத்தை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டுப் பசிபிக் வழியாகக் கிழக்கே அனுப்பியது. தூரம் 15,300 கி.மீ., பழைய வழியைவிடச் சுமார் 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினான்கரை மணியில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிடச் சீக்கிரமாக. கூடுதல் தூரம், குறைந்த நேரம்!

தென்னிந்தியாவுக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேலே, மிக உயரத்தில், காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் என்ற இதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். எனவே "மேற்கே போனால் எப்போதும் லேட்" என்று சென்னைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. மாதத்தைப் பார்க்க வேண்டும்.

காற்றாவது மாதத்துக்கு மாதம் மாறும், அரசியல் ஒரே இரவில் மாறும். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஒன்பதரை மணி அளவில் போய்க்கொண்டிருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ ஃபின்ஏர் விமானத்துக்குப் பதின்மூன்று மணி ஆகத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போயின. சென்னை – துபாய் பாதை அரபிக்கடல் மேல் போவதால் அதற்கு அந்த அடி இல்லை. ஆகவே நீண்ட பயணத்துக்குப் பழைய கட்டுரையில் படித்த நேரத்தை நம்பாதீர்கள். இந்த வாரத்து விமானம் எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள்.

மாறிப் போகும் பயணம்

லண்டனுக்கு நேரடி விமானம் கிடைக்கவில்லை, மாறித்தான் போக வேண்டும். எந்த ஊர் வழியாக? தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். துபாய் வழி என்றால் 2,930-உம் 5,500-உம் சேர்ந்து 8,430 கி.மீ. நேர் தூரத்தைவிட 200 கி.மீ.தான் கூடுதல், துபாய் போகிற வழியில்தான் இருக்கிறது. கொழும்பு வழி என்றால் 645-உம் 8,710-உம் சேர்ந்து 9,350 கி.மீ.க்கு மேல். முதலில் எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வருகிறீர்கள், ஆயிரம் கி.மீ. வீண். விலை நன்றாகக் குறைந்தால் போகலாம், நானும் போயிருக்கிறேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அந்த முக்கால் மணி இன்னொரு தடவை சேரும், அதோடு காத்திருப்பும்.

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டிவரும், சில ஊர்களில் அதற்கு விசாவும் கேட்பார்கள்.

வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை

கடைசிக் கணக்கு இதுதான், ஆனால் நிறையப் பேர் போடுவதில்லை. தஞ்சாவூர்க்காரர் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். திருச்சியிலிருந்து சாங்கி சுமார் 2,985 கி.மீ., சென்னையிலிருந்து போவதைவிட 60 கி.மீ. அதிகம். வானத்தில் அது நாலைந்து நிமிடம். தரையில்? தஞ்சையிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணிக்குள். சென்னை என்றால் ஏழு மணி வைத்துக்கொள்ள வேண்டும்.

திருச்சி வழி: காரில் 1:30, விமானத்துக்கு முன் 3:00, பயணம் 4:20, குடியேற்றச் சோதனையும் பெட்டி எடுப்பதும் 1:00, அங்கிருந்து வீடு 1:00. மொத்தம் 10 மணி 50 நிமிடம். சென்னை வழி 16 மணிக்கு மேல். சென்னை டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் மலிவு என்று அங்கே போகிறவர்கள், இரவு பஸ் கட்டணத்தையும் மறுநாள் இடுப்பு வலியையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும்.

விமானத்துக்கு முன் மூன்று மணி என்பது மிகை அல்ல. வெளிநாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி முன்பே மூடிவிடுவார்கள், அதற்குள் வரிசையில் உங்கள் முறை வந்திருக்க வேண்டும். அழைக்க வரும் மகளுக்கு மட்டும் டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சொல்லாதீர்கள், ஒரு மணி கூட்டிச் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது அவள்தான்.